வெயில் ஊரைத் தேடி வரும் விருந்தாளிகள்

சென்னை வெயிலுக்குப் பேர்போன ஊர்.

அக்கினி நட்சத்திரம் வந்துவிட்டால் தார்ச் சாலை இளகும். மொட்டை மாடியில் பிழிந்த வடாம் ஒரே நாளில் காய்ந்துவிடும். 2003-ம் ஆண்டு மே மாதம் 31-ந் தேதி சென்னையில் வெயில் 45 டிகிரியைத் தொட்டது. அன்று பகலில் வெளியே போனவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்கு யாராவது விரும்பி வருவார்களா?

வருகிறார்கள்! ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

மார்கழி பிறந்ததும் மயிலாப்பூர் மாட வீதிகளில் போய்ப் பாருங்கள். விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறார்கள். கோலத்தின் நடுவில் சாண உருண்டை. அதன் மேல் மஞ்சள் நிறத்தில் பூசணிப் பூ. கபாலீசுவரர் கோயிலில் மணி அடிக்கிறது. கம்பளிச் சால்வை போர்த்திய பெரியவர் ஒருவர் குளக்கரையில் நடக்கிறார். அவர் வந்திருப்பது அமெரிக்காவில் இருக்கும் மகன் வீட்டிலிருந்து. பக்கத்துக் காபிக் கடையில் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்மணி வந்திருப்பது ஐரோப்பாவிலிருந்து. பூக்காரியிடம் முழம் போட்டு மல்லிகை வாங்கும் அம்மாள் வந்திருப்பது சிங்கப்பூரிலிருந்து.

இத்தனை பேரையும் இழுத்து வருவது எது? பருவமா? பழைய சரித்திரமா?

இரண்டும்தான். அது எப்படி என்று பார்ப்போம்.

பாலைவனத்துக்கும் பொருந்தும்

உலகில் வெயில் மிகுந்த இடங்கள் பல உண்டு. எகிப்து நாடு பெரும்பாலும் பாலைவனம். ஆனால், 19-ம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பணக்காரர்கள் குளிர்காலம் வந்ததும் அங்கே கப்பல் ஏறினார்கள். தங்கள் நாட்டுப் பனியிலிருந்து தப்ப வேண்டும்; பிரமிடுகளையும் பழைய கோயில்களையும் பார்க்க வேண்டும். இரண்டு ஆசையும் அங்கே ஒன்றாக நிறைவேறின.

நம் நாட்டில் ராஜஸ்தானம் இருக்கிறது. அங்கே ஜெய்சால்மேர் என்ற ஊர் தார்ப் பாலைவனத்தின் நடுவே நிற்கிறது. 12-ம் நூற்றாண்டில் கட்டிய கோட்டை அங்கே உண்டு. கோடையில் அந்தப் பக்கம் போனால் அனல் அடிக்கும். ஐப்பசி முதல் மாசி வரையில் பார்த்தாலோ, ஒட்டகச் சவாரிக்குக் கூட்டம் நிற்கும்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. வெயில் ஊருக்கும் ஒரு நல்ல காலம் உண்டு. அந்த நல்ல காலத்தில் பார்ப்பதற்குப் பழமையான ஒன்றும் இருந்துவிட்டால், விருந்தாளிகள் தாமாகவே வருவார்கள்.

சென்னை பாலைவனம் அல்ல, கடற்கரைப் பட்டினம். ஆனால், இந்தக் கணக்கு சென்னைக்கும் அப்படியே பொருந்துகிறது.

தோசைக்கல்லும் தண்ணீர்ப் பானையும்

சென்னையின் பருவம் விசித்திரமானது.

தென்மேற்குப் பருவ மழை ஆனி, ஆடி மாதங்களில் கேரளத்தில் கொட்டோ கொட்டு என்று கொட்டும். அந்த மேகங்களை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. மலையைத் தாண்டி வரும் காற்றில் ஈரம் குறைந்துவிடும். அது தரை வழியே சூடேறிச் சென்னைக்கு வரும். அதனால்தான் மற்ற ஊர்களில் மழை பெய்யும்போதும் சென்னையில் புழுங்குகிறது.

அந்த நாட்களில் சென்னைவாசிகளைக் காப்பாற்றுவது கடற்காற்று.

கடற்காற்று எப்படி உண்டாகிறது? அடுப்பில் தோசைக்கல்லை வைத்தால் நொடியில் சுட்டுவிடும். தண்ணீர்ப் பானையை வைத்தால் சூடேற நேரமாகும். மண் தோசைக்கல்லைப் போன்றது. கடல் தண்ணீர்ப் பானையைப் போன்றது. பகலில் மண் சூடானதும், அதன் மேலுள்ள காற்றும் சூடாகி மேலே எழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. மேற்கிலிருந்து வரும் அனல் காற்று பலமாக இருக்கும் நாட்களில், கடற்காற்று உள்ளே நுழைய முடியாமல் தாமதப்படும். அந்த நாட்களில்தான் வெயில் வாட்டி எடுக்கிறது.

ஐப்பசி வந்ததும் காற்று திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் காற்று மழையைக் கொண்டு வருகிறது. சென்னையில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவ மழைதான்.

மார்கழியில் மழை ஓய்கிறது. கதிரவன் தெற்கே சாய்ந்திருக்கிறான். வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. மழையில் நனைந்த மண்ணும் குளிர்ந்து கிடக்கிறது. சனவரி மாதத்தில் விடியற்காலையில் சுமார் 21 டிகிரி. பகலில் சுமார் 29 டிகிரி. சென்னையில் மிகமிகக் குறைந்த வெப்பமாகப் பதிவானது 13.9 டிகிரி. இது 100 ஆண்டுகளுக்கு முந்திய கணக்கு.

இந்தக் கணக்கெல்லாம் எப்படிக் கிடைத்தது? நுங்கம்பாக்கத்தில் 1792-ம் ஆண்டிலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் வானாராய்ச்சிக் கூடம் ஒன்றைக் கட்டினார்கள். விண்மீன்களைப் பார்த்தவர்கள், வெயிலையும் மழையையும் குறித்து வைத்தார்கள்.

பனியில் உறைந்து போகும் நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்குச் சென்னையின் மார்கழி வெயில் இதமான வெயில். வெயிலிலேயே வாழும் சென்னைவாசிகளுக்கோ அது குளிர்! அதனால்தான், ஒரே தெருவில் வெள்ளைக்காரர் மெல்லிய சட்டையுடன் நடக்கிறார். நம் தாத்தா காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு நடக்கிறார்.

1,300 ஆண்டுகளுக்கு முன்பே விழாக் காலம்

மயிலாப்பூர் இன்று நேற்று உண்டான ஊர் அல்ல. கி.பி. 2-ம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி என்ற கிரேக்க அறிஞர் இந்தக் கரையில் ஒரு துறைமுகத்தைக் குறித்திருக்கிறார். அது மயிலாப்பூர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். திருவள்ளுவர் இங்கே பிறந்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை.

7-ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலைக்கு வந்தார். பாம்பு தீண்டி இறந்த பூம்பாவை என்னும் பெண்ணை, அவர் பதிகம் பாடி உயிர்ப்பித்தார் என்று பெரியபுராணம் கூறுகிறது. அந்தப் பதிகத்தில் மயிலையில் நடக்கும் விழாக்களை அவர் வரிசையாக அடுக்குகிறார்.

ஐப்பசியில் ஓண விழா, கார்த்திகையில் விளக்கீடு, மார்கழியில் திருவாதிரை, தையில் பூசம், மாசியில் கடலாட்டு, பங்குனியில் உத்திரம்.

இந்த மாதங்களைக் கவனித்தீர்களா? ஐப்பசியில் தொடங்கிப் பங்குனியில் முடிகின்றன. மழை பெய்து மண் குளிரும்போது தொடங்கி, கோடை முற்றுவதற்கு முன் முடிகின்றன. இன்றும் சென்னைக்கு விருந்தாளிகள் வருவது இதே மாதங்களில்தான். 1,300 ஆண்டுகளில் எத்தனையோ மாறிவிட்டன. மயிலையின் விழாக் காலம் மாறவில்லை.

பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது என்றும், போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்தது என்றும் சொல்லப்படுகிறது. பிறகு எழும்பியதுதான் இன்றைய கோயில். வானளாவ நிற்கும் கிழக்குக் கோபுரம் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடிக்கப்பட்டது. பங்குனியில் அறுபத்து மூவர் விழா நடக்கும்போது, மாட வீதிகளில் எள் விழ இடம் இருக்காது.

மண்ணை எடுத்துச் சென்ற யாத்திரிகர்கள்

மயிலாப்பூருக்குப் பக்கத்தில் இருப்பது சாந்தோம்.

இயேசுநாதரின் 12 சீடர்களுள் ஒருவரான தோமையர் இங்கே வந்தார் என்பதும், இங்கே அடக்கம் செய்யப்பட்டார் என்பதும் கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ தமிழ்நாட்டுக் கரைக்கு வந்தார். தோமையரின் கல்லறை உள்ள ஊர் சிறியது என்றும், அங்கே வியாபாரிகள் அதிகம் வருவதில்லை என்றும் அவர் எழுதினார். ஆனால், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் யாத்திரையாக வருகிறார்கள் என்று குறிப்பிட்டார். அந்த இடத்து மண்ணை எடுத்துச் சென்று காய்ச்சல்காரர்களுக்கு மருந்தாகக் கொடுக்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார்.

16-ம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்து இங்கே மாதா கோயில் கட்டினார்கள். இன்று நாம் காணும் வெண்மையான பெரிய தேவாலயம் 1896-ல் அர்ச்சிக்கப்பட்டது. 1986-ம் ஆண்டு பிப்ரவரியில் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் இங்கே வந்து வழிபட்டார்.

சென்னைக்கு ஆங்கிலேயர் வந்தது 1639-ல். அதற்கு முன்பே, பல நூற்றாண்டுகளாக மயிலைக்கு யாத்திரிகர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

பாஸ்டனிலிருந்து வந்த பனிக்கட்டி

ஆங்கிலேயருக்குச் சென்னை வெயிலைத் தாங்க முடியவில்லை. கோடையில் கவர்னரும் அதிகாரிகளும் மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலம் போய்விடுவார்கள். எல்லோராலும் மலைக்குப் போக முடியுமா? போக முடியாதவர்கள் பனிக்கட்டியை வரவழைத்தார்கள்.

எங்கிருந்து தெரியுமா? அமெரிக்காவிலிருந்து!

பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த பிரடெரிக் டியூடர் என்பவர் பெரிய வியாபாரி. அங்கே குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்துவிடும். அந்தப் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலில் ஏற்றுவார். 1833-ல் அவருடைய கப்பல் கல்கத்தாவுக்கு வந்தது. பயணம் நான்கு மாதம். வழியில் உருகியது போக மிஞ்சியதை விற்றே அவர் லாபம் கண்டார்.

1842-ல் சென்னைக் கடற்கரையில் பனிக்கட்டியைச் சேமித்து வைக்க ஒரு வீடு கட்டப்பட்டது. அதுதான் ஐஸ்ஹவுஸ். அந்தக் காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல் கடலில் நிற்கும். மசூலா படகுகள்தான் அலைகளைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். அதனால் கரையை ஒட்டியே கட்டினார்கள்.

இயந்திரத்தில் ஐஸ் செய்யும் வழி வந்ததும், கப்பல் பனிக்கட்டிக்கு மவுசு போயிற்று. வீடு கைமாறிப் பிலிகிரி அய்யங்கார் என்ற வக்கீலுக்கு வந்து சேர்ந்தது.

1897-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அந்த வீட்டுக்கு ஒரு விருந்தாளி வந்தார். அவர் சுவாமி விவேகானந்தர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சொற்பொழிவு செய்துவிட்டுத் திரும்பிய அவரைச் சென்னை மக்கள் திரண்டு வரவேற்றார்கள். 9 நாள் அவர் அங்கே தங்கினார். அமெரிக்கப் பனிக்கட்டி இருந்த வீடு, அமெரிக்காவில் புகழ் பெற்றுத் திரும்பியவருக்குத் தங்கும் இடமாயிற்று! 1963-ல் அதற்கு விவேகானந்தர் இல்லம் என்று பெயர் சூட்டப்பட்டது.

அந்த வீட்டின் முன்னால் இருக்கும் மெரீனா கடற்கரைச் சாலையை அமைத்தவர் கவர்னர் கிராண்ட் டப். 1880-களில் கடலோரத்தில் நடைபாதை போட்டு, மெரீனா என்று பெயரிட்டார். மாலையில் வீசும் கடற்காற்றை ஏழையும் பணக்காரனும் ஒன்றாக அனுபவிக்க அது வழி செய்தது.

அடையாற்றில் ஓர் ஆலமரம்

1882-ம் ஆண்டு டிசம்பரில், கர்னல் ஆல்காட் என்ற அமெரிக்கரும் பிளாவட்ஸ்கி என்ற ரஷ்ய அம்மையாரும் அடையாற்றில் குடியேறினார்கள். அவர்கள் தொடங்கிய பிரம்மஞான சபைக்கு உலகமெங்கும் கிளைகள் இருந்தன. தலைமை இடத்துக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது, ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருந்த ஒரு தோட்ட வீடு. முதலில் 27 ஏக்கராக இருந்த தோட்டம் பிறகு 200 ஏக்கருக்கு மேல் பெருகியது.

சபையின் ஆண்டு மாநாடு டிசம்பரில் நடக்கும். பல நாட்டவரும் பல மொழி பேசுவோரும் அடையாற்று ஆலமரத்தின் நிழலில் கூடினார்கள். 1989-ல் பெருங்காற்றில் அந்த மரத்தின் நடு மரம் சாய்ந்துவிட்டது. ஆனால், விழுதுகள் வேரூன்றி இன்னும் நிற்கின்றன.

1884 டிசம்பரில் அடையாறு மாநாட்டுக்கு வந்தவர்களில் சிலர், அது முடிந்த பிறகு சென்னையில் ரகுநாதராவ் வீட்டில் கூடினார்கள். நாடு முழுவதற்கும் ஒரு சபை வேண்டும் என்று அங்கே பேசினார்கள் என்று அன்னி பெசன்ட் அம்மையார் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு டிசம்பரில் பம்பாயில் காங்கிரஸ் பிறந்தது. 1887 டிசம்பரில் காங்கிரசின் 3-வது மாநாடு சென்னையிலேயே நடந்தது.

அடையாற்றுக்கு வந்த மற்றொரு விருந்தாளி, இத்தாலி நாட்டுக் கல்வி நிபுணர் மரியா மாண்டிசோரி அம்மையார். சிறு குழந்தைகளுக்கு விளையாட்டாகவே பாடம் சொல்லித் தரும் முறையைக் கண்டவர் இவர். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க 1939-ல் வந்தார். சில மாதங்களில் திரும்புவதாக ஏற்பாடு. அதற்குள் உலகப் போர் மூண்டுவிட்டது. 1946 வரையில் அவர் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் நாடெங்கும் பள்ளிகளை நடத்தினார்கள்.

ருக்மிணி தேவி அருண்டேல் 1935 டிசம்பரில் பிரம்மஞான சபையின் மாநாட்டில் பரதநாட்டியம் ஆடினார். மறு ஆண்டே கலாட்சேத்திரத்தைத் தொடங்கினார். நாட்டியம் கற்கப் பல நாட்டு மாணவர்கள் அங்கே வந்தார்கள். இன்றும் வருகிறார்கள்.

பாட்டுக்கு ஏன் மார்கழி?

சென்னையின் இசை விழா டிசம்பரில் நடப்பதற்கு ஒரு கதை உண்டு.

1927 டிசம்பரில் டாக்டர் அன்சாரி தலைமையில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியது. அதை ஒட்டி அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. கர்நாடக இசையை வளர்க்க நிலையான ஒரு சபை வேண்டும் என்று அங்கே முடிவாயிற்று. அதன்படி 1928 ஆகஸ்டில் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. தொடக்க ஆண்டுகளில் வேறு மாதங்களிலும் கச்சேரிகள் நடந்தன. பிறகு டிசம்பர்தான் வசதி என்று கண்டார்கள்.

ஏன் வசதி? கிறிஸ்துமசை ஒட்டிக் கோர்ட்டுக்கு விடுமுறை, பள்ளிக்கூடத்துக்கும் விடுமுறை. வக்கீல்கள் வரலாம், வாத்தியார்கள் வரலாம், வெளியூர் உறவினர்கள் வந்து தங்கலாம். அந்தக் காலத்தில் குளிர்சாதன மண்டபம் கிடையாது. கொட்டகையில்தான் கச்சேரி. மார்கழிக் குளிர் இல்லாவிட்டால், மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்க முடியுமா? பாகவதர்தான் ராகம் பாட முடியுமா?

மார்கழிக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அது பாட்டுக்கென்றே ஏற்பட்ட மாதம். திருப்பாவையும் திருவெம்பாவையும் பாடப்படும் மாதம். பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் மயிலை மாட வீதிகளில் பஜனை பாடிக்கொண்டு வருவார். புகழ் பெற்ற வித்துவான்களும் அவருக்குப் பின்னால் பாடி வந்தார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.

1943-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் முயற்சியால் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தமிழ்நாட்டு மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பது அதன் கொள்கை. அதன் விழாவும் டிசம்பரில்தான். மியூசிக் அகாடமியின் கட்டடத்துக்கு 1955-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1962-ல் மைசூர் மகாராஜா அதைத் திறந்துவைத்தார். மயிலாப்பூர், தியாகராயநகர், ஆழ்வார்பேட்டை என்று தெருவுக்குத் தெரு சபாக்கள் பெருகின. 2017-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம், படைப்பாற்றல் மிக்க நகரங்களின் பட்டியலில், இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது.

இப்போது மார்கழி வந்தால், பாடகருக்கு மட்டுமா வேலை? சபாவில் சமையல்காரருக்கு வேலை. கச்சேரி கேட்க வந்தவர்களை விட, கீரை வடையும் அடை அவியலும் சாப்பிட வந்தவர்கள் அதிகம் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆட்டோக்காரருக்குச் சவாரி. பூக்காரிக்கு வியாபாரம். பாண்டி பஜாரிலும் உஸ்மான் சாலையிலும் பட்டுச் சேலைக் கடைகளில் வெளிநாட்டுத் தமிழர்களின் கூட்டம். ஒரு மாத வரும்படியைக் கொண்டு வைகாசிக் கடனை அடைக்கும் குடும்பங்களும் உண்டு.

டிக்கெட் வாங்காத விருந்தாளிகள்

மனிதர்கள் மட்டும் வருகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

வடக்கே மத்திய ஆசியாவிலும் சைபீரியாவிலும் ஏரிகள் உறையும்போது, வாத்துகளும் உள்ளான்களும் கூட்டமாகத் தெற்கே பறக்கின்றன. அடையாற்றின் முகத்துவாரத்திலும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலும் வந்து இறங்குகின்றன. பூநாரைகளும் வருகின்றன. சேற்றில் புழுவும் நீரில் மீனும் தாராளமாகக் கிடைக்கின்றன. வெயில் காய்ந்ததும் திரும்பிவிடுகின்றன.

தை முதல் பங்குனி வரையில், இரவு நேரத்தில், பெசன்ட் நகர் முதல் நீலாங்கரை வரையிலுள்ள மணலில் கடலாமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. அவற்றுக்கு மீனவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? பங்குனி ஆமை! முட்டை பொரிய சுமார் 50 நாள் ஆகும். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஓடும் இயல்புடையவை. கடலின் பளபளப்பு அவற்றுக்கு வழிகாட்டும். சாலை விளக்கின் வெளிச்சத்தைப் பார்த்தால், அவை ஏமாந்து ஊருக்குள் வந்து மடியும். அதனால் 1988 முதல் மாணவர்கள் சிலர் அணி சேர்ந்து, இரவெல்லாம் கடற்கரையில் நடந்து, முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள்.

பறவைக்கும் ஆமைக்கும் மயிலைக் கச்சேரி தெரியாது. ஆனால், அவையும் வருவது இதே மாதங்களில்தான்!

ஏரி இருந்த இடம்

இத்தனை விருந்தாளிகளையும் வரவழைப்பது மார்கழிக் குளிர். மார்கழிக் குளிரைக் கொண்டு வருவது வடகிழக்குப் பருவம். ஆனால், அதே பருவம் வேறொரு முகத்தையும் காட்டுவது உண்டு.

தியாகராயநகரை எடுத்துக்கொள்ளுங்கள். பனகல் பூங்கா இருக்கிறது. ரங்கநாதன் தெரு இருக்கிறது. 100 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பக்கத்தில் இருந்தது ஏரி! நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வரையில் நீண்டு கிடந்ததால், அதை நெடும் ஏரி என்றார்கள். ஊர் பெருகியதும், 1920-களில் ஏரியைத் தூர்த்து மனை போட்டார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயரைச் சூட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. ஏரியைப் பார்த்த சாலை என்று பொருள். இப்போது சாலை இருக்கிறது, ஏரி இல்லை.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் அப்படித்தான். முன்பு பரந்து கிடந்த நிலத்தில் ஒரு சிறு பகுதியே மிஞ்சியிருக்கிறது. எஞ்சியதைக் காக்க, 2022-ல் அதை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஏரியின் வேலை என்ன? மழை நீரைப் பிடித்து வைப்பது. கோடையில் அதைக் கொடுப்பது. ஏரி போனால் இரண்டு வேலையும் போயிற்று. மழைக் காலத்தில் வெள்ளம். கோடையில் தண்ணீர்ப் பஞ்சம்.

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி சென்னை அதைக் கண்ணால் கண்டது. இடைவிடாத மழை. செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, தண்ணீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் போன்ற இடங்களில் வீடுகள் மூழ்கின. விமான நிலையம் பல நாள் மூடப்பட்டது. விருந்தாளிகள் வந்து இறங்க வேண்டிய மாதத்தில், ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுவந்து மக்களை மீட்டார்கள்.

2019-ம் ஆண்டுக் கோடையில் நிலைமை தலைகீழ். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு காலத்தில் பனிக்கட்டி வந்த ஊருக்கு, இப்போது குடிநீரே வெளியூரிலிருந்து வர வேண்டியதாயிற்று.

இரண்டுக்கும் மூல காரணங்களில் ஒன்று, மழை நீர் தங்க ஊரில் இடம் இல்லாமல் போனதுதான்.

விருந்தோம்பும் ஊர்

வீட்டுக்கு விருந்தாளி வருகிறார் என்றால் நாம் என்ன செய்கிறோம்? வீட்டைப் பெருக்குகிறோம். குடத்தில் தண்ணீர் நிரப்பி வைக்கிறோம். படுக்க இடம் ஒழித்துக் கொடுக்கிறோம்.

ஊருக்கும் அதே முறைதான். மயிலைக் கோயில் குளம் ஒரு காலத்தில் வறண்டு விளையாட்டுத் திடல் போலக் கிடந்தது. சுற்றியுள்ள வீடுகளில் மழை நீர் சேமிப்பு வந்த பிறகு, தண்ணீர் நின்று தெப்ப விழாவுக்குக் களை கட்டியது. 2002, 2003-ம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் மழை நீர் சேமிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது தோண்டிய குழிகளைப் பல வீடுகளில் தூர் வாராமல் விட்டுவிட்டார்கள். ஐப்பசிக்கு முன்பு ஒரு நாள் ஒதுக்கினால், அதைச் சுத்தம் செய்துவிடலாம். அது ஒவ்வொரு வீட்டுக்காரரும் செய்யக்கூடிய வேலை. ஏரியையும் சதுப்பு நிலத்தையும் காப்பது அரசும் மக்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

பழைய சரித்திரத்தை யாரும் நம்மிடமிருந்து எடுத்துச் செல்ல முடியாது. கபாலீசுவரர் கோயிலும், சாந்தோம் தேவாலயமும், அடையாற்று ஆலமரமும் நமக்குக் கிடைத்த சொத்து. ஆனால் பருவம் அப்படிப்பட்டது அல்ல. மண் குளிர வேண்டுமானால் மண்ணில் ஈரம் வேண்டும். ஈரம் வேண்டுமானால் மழை நீர் தங்க இடம் வேண்டும்.

அந்த இடத்தை நாம் விட்டு வைத்தால், மழை நல்ல விருந்தாளியாக வந்து போகும். அதன் பின்னால் பாட்டுக் கேட்பவர்கள் வருவார்கள், யாத்திரிகர்கள் வருவார்கள், பறவைகள் வரும், பங்குனி ஆமைகளும் வரும்.

அடுத்த மார்கழியிலும் மயிலாப்பூர் வாசல்களில் பூசணிப் பூ மலர்ந்திருக்கும்!